"யாரிடம் வாங்கினாய்?" – நம் மாவட்டத்துக் களவுச் சாமான் வழக்குகளின் கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு எங்கள் வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அவருடைய மகன் என்னிடம் வரலாறு படித்தவன். சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தான்.

"சேர், மகன் களவு எடுக்கல்ல சேர். காசு குடுத்துத்தான் வாங்கினான்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. என் மனைவி உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்தார்.

விசயம் இதுதான். பையன் பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் பழைய ஃபோன் ஒன்று வாங்கியிருக்கிறான். அது களவு போன ஃபோன். பொலிஸ் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி, "யாரிடம் வாங்கினாய்?" அவனுக்குத் தெரிந்த பதில், "ஒரு அண்ணன்கிட்ட." பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பில் இல்லை. இரண்டு கிழமை விளக்கமறியல். பிறகு வழக்கைச் சீக்கிரம் முடிப்பதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டப்பணம் கட்டத் தாய் காதுத்தோட்டை அடகு வைத்தார். "முடிந்தது சேர்" என்று எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னார்கள்.

முடியவில்லை. இந்த வருடம் கட்டார் வேலைக்கு விண்ணப்பித்தபோது பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். அந்தத் தீர்ப்பு அங்கே வந்து நின்றது.

எந்த நீதிமன்றம், எந்தப் பையன் என்பது வேண்டாம். யாரையும் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. அந்த ஒரு கேள்வி, "யாரிடம் வாங்கினாய்?", நம் மாவட்டத்தில் எத்தனை காலமாகக் கேட்கப்படுகிறது, பதில் சொல்ல முடிந்தவருக்கு என்ன நடந்தது, முடியாதவருக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். அதைத்தான் பகிர்கிறேன்.

*

கேகாலை மாவட்டத்தில் களவு என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது சரதியல். மாவனல்லைக்குப் பக்கத்தில் உதுவன்கந்த மலை. கொழும்பு – கண்டி வீதி அதன் அடியில் போகிறது. அப்போது கண்டிக்கு ரயில் வரவில்லை. அது வந்தது 1867 இல். மலைநாட்டுக் கோப்பியும், கோப்பி விற்ற காசில் வாங்கிய சாமான்களும் மாட்டு வண்டியில் இந்த வீதியால்தான் போய் வந்தன. அந்த வண்டிகளைத்தான் சரதியலின் ஆட்கள் மறித்தார்கள்.

1864 மார்ச் 21 ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டில் சரதியலையும் அவனுடைய நண்பன் மம்மலி மரிக்காரையும் பொலிஸ் சுற்றி வளைத்தது. அந்தச் சண்டையில் சூடுபட்டு இறந்தவர் கான்ஸ்டபிள் சபான். இலங்கையில் கடமையின்போது உயிரிழந்த முதலாவது பொலிஸ்காரர் என்று ஒவ்வொரு மார்ச் 21 ஆம் திகதியும் அவரை நினைவுகூருகிறார்கள். சரதியலும் மரிக்காரும் கண்டியில் விசாரிக்கப்பட்டு, அதே வருடம் மே 7 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்கள்.

கவனியுங்கள். தூக்குமரம் ஏறியவர்களில் ஒருவர் முஸ்லிம். அவர்களைப் பிடிக்கப் போய் உயிரை விட்டவரும் மலாய் முஸ்லிம். களவையும் நேர்மையையும் இனத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு நான் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன்.

வகுப்பில் இந்தப் பாடம் எடுக்கும்போது ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டது: "சேர், மறிச்ச சாமான எல்லாம் அவங்க என்ன செஞ்சாங்க?" நல்ல கேள்வி. கோப்பி மூட்டையையும் துணிக்கட்டையும் மலைக்குகையில் வைத்துச் சாப்பிட முடியாது. யாரோ வாங்கியிருக்கிறார்கள். சரதியலுக்கு நாடகம் இருக்கிறது, படம் இருக்கிறது, உதுவன்கந்தையில் அவன் பெயரில் ஒரு கிராமமே கட்டி வைத்திருக்கிறார்கள். வாங்கியவரைப் பற்றி ஒரு கதையும் இல்லை. களவு எடுத்தவன் ஊர் வாயில் நிற்கிறான். வாங்கியவர் நிற்பது சட்டப் புத்தகத்தில்தான்.

*

சட்டத்துக்கு வாங்கியவரைப் பற்றிய கவலை வந்தது கோப்பித் தோட்டங்களால். இலங்கைத் தோட்டத் துரைமார் சங்கம் 1854 இல் கண்டியில் தொடங்கியது. அவர்களுடைய ஓயாத முறைப்பாடுகளில் ஒன்று கோப்பிக் களவு. தொழிலாளி இரவில் பழத்தைப் பறித்துக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடையில் கொடுக்கிறான், கடைக்காரன் அரிசிக்கும் சாராயத்துக்கும் ஈடாக வாங்கிக்கொள்கிறான் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கை நீட்டிய கடைக்காரர்களில் கரையோரச் சிங்களவரும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். "சோனகக் கடை" என்பது அந்தக் காலத்துத் துரைமார் வாயில் ஏறக்குறைய ஒரு குற்றச்சாட்டு.

அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் பக்கத்தில் வேறு இரண்டு உண்மைகளையும் வைக்க வேண்டும்.

ஒன்று, சம்பளம். கோப்பிக் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி நின்றது. வரும்போதே கங்காணியிடம் பட்ட கடன் வேறு. வேலையை விட்டு ஓடினால், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதம் வரை மறியல். அந்தத் தண்டனை 1920களின் தொடக்கத்தில்தான் இல்லாமல் போனது. கையில் காசில்லை, போகவும் முடியாது. கடையில் கொடுக்க அவனிடம் இருந்தது கோப்பிப் பழம் மட்டும்தான்.

இரண்டு, கோப்பி துரைமாரிடம் மட்டும் இருக்கவில்லை. கிராமத்து வீட்டுத் தோட்டங்களிலும் கோப்பி காய்த்தது. கடைக்காரர்கள் அதையும் வாங்கினார்கள். மூட்டைக்குள் போன பிறகு இது துரையின் கோப்பி, இது கிராமத்தானின் கோப்பி என்று யார் பிரிப்பது? சாட்சிக் கூண்டில் ஏறிய துரையாலும் தன் கோப்பியை அடையாளம் காட்ட முடியவில்லை. அதனால் வழக்குகள் நிற்கவில்லை.

துரைமார் கேட்டது இதற்குத்தான் மருந்து. 1870களில் கோப்பிக் களவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கோப்பி யாருடையது என்று முறைப்பாட்டுக்காரர் நிரூபிப்பதற்குப் பதிலாக, அது தன்னிடம் எப்படி வந்தது என்று வைத்திருப்பவரே விளங்கப்படுத்த வேண்டும் என்ற பக்கம் சட்டம் சாய்ந்தது. "யாரிடம் வாங்கினாய்?" என்ற கேள்வி அங்கேதான் பலம் பெற்றது.

கோப்பிக்கு ஆயுள் இருக்கவில்லை. 1869 இல் தெரிய வந்த இலை நோய் அடுத்த இருபது வருடங்களுக்குள் அதை அழித்துவிட்டது. கேள்வி மட்டும் அழியவில்லை.

*

இப்போது நம் நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளின் அடிப்படை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. நடைமுறைக்கு வந்தது 1885 ஜனவரி 1 ஆம் திகதி. இந்தியாவின் 1860 ஆம் ஆண்டுக் கோவையைப் பெருமளவு பின்பற்றியது. மூன்று பிரிவுகளை மட்டும் சொல்கிறேன்.

367 ஆம் பிரிவு: சாதாரண களவு. மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும்.

370 ஆம் பிரிவு: வேலைக்காரன் எசமானின் பொருளைக் களவெடுத்தால். ஏழு வருடம் வரை சிறை, தண்டப்பணமும் உண்டு.

394 ஆம் பிரிவு: களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அதை வாங்குவது அல்லது வைத்திருப்பது. மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும்.

370 ஐயும் 394 ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் கூலிக்கு நிற்பவன் எடுத்தால் உச்சம் ஏழு. அதை வாங்கி இலாபம் பார்ப்பவருக்கு உச்சம் மூன்று. வழக்கமாகவே களவுச் சாமான் வியாபாரம் செய்பவருக்கு இன்னும் கடுமையான தனிப் பிரிவு இருக்கிறது, உண்மை. ஆனால் "வழக்கமாக" என்பதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சட்டத்தரணிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காலத்தில் சில களவுக் குற்றங்களுக்குக் கசையடியும் விதிக்க முடிந்தது. அந்தத் தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்து முழுதாக நீக்கப்பட்டது 2005 இல், 23 ஆம் இலக்கச் சட்டத்தால். என் மாணவர்கள் பலர் பிறந்த வருடம்!

*

அடுத்து 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டம். அதன் 114 ஆம் பிரிவைத்தான் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். களவு நடந்து கொஞ்ச காலத்துக்குள் அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் விளங்கப்படுத்தாவிட்டால், அவரே கள்வர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

"அனுமானிக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "அனுமானிக்க வேண்டும்" என்று இல்லை. பையனின் வழக்கு முடிந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி இதை அழுத்திச் சொன்னார். சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கும் கடமை அப்போதும் அரச தரப்புக்குத்தான். எதிரி சொல்லும் விளக்கம் நியாயமாக உண்மையாக இருக்கக்கூடியது என்றால் அது போதும். பையன் அதைச் சொல்லிப் பார்க்கவே இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டான்.

அதே பிரிவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. இந்த அனுமானத்தைப் பிரயோகிக்கும்போது நீதிமன்றம் கவனிக்க வேண்டிய உதாரணம் அது. ஒரு கடைக்காரரின் லாச்சியில் அடையாளமிட்ட ஒரு ரூபா இருக்கிறது. அது சற்று முன்னர் களவு போனது. எப்படி வந்தது என்று குறிப்பாகச் சொல்ல அவரால் முடியவில்லை. ஆனால் அவர் நாள் முழுக்க வியாபாரத்தில் ரூபாக்களை வாங்கிக்கொண்டே இருக்கிறவர். ஆகவே அவருடைய நிலையையும் யோசிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

நான் ஒரு சில்லறைக் கடைக்காரரின் பேரன். இதை வாசித்தபோது முதலில் மகிழ்ச்சிதான். நியாயமான உதாரணம். பிறகு அந்தத் தாயின் முகம் நினைவு வந்தது. கடைக்காரருக்கு 1895 இலேயே ஒரு உதாரணம் எழுதி வைத்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பழைய ஃபோன் வாங்கும் பையனுக்கும், பையில் ஒட்டுப்பாலோடு பிடிபடும் பால்வெட்டுக்காரருக்கும் அப்படி ஒரு உதாரணம் யாரும் எழுதவில்லை. அவர்களும் பில் கிடைக்காத ஓர் உலகத்தில்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள்.

*

நம் பகுதிக்கு வருவோம். ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை எல்லாம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் நாடாக மாறின. 1876 இல் ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளின் வம்சம் களனிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. இறப்பரிலும் பழைய கோப்பிப் பிரச்சினைதான். பெரிய தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கிராமத்தவரின் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். இரண்டு மரமும் ஒரே பால். காய்ந்த ஒட்டுப்பாலைப் பார்த்து எந்த மரத்தது என்று சொல்ல எவராலும் முடியாது.

ஆகவே சட்டம் இந்த முறை வாங்குபவரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1956 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இறப்பர் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இறப்பர் வாங்கி விற்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கணக்குப் புத்தகம் உள்ள கடைக்காரருக்கு இது ஒரு சுமை. ஆனால் "யாரிடம் வாங்கினாய்?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு அவரிடம் ஒரு புத்தகமும் இருக்கிறது. விற்க வந்தவரிடம் என்ன இருக்கிறது?

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1982 இல் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான தவறுகள் சட்டம் வந்தது. அரச கூட்டுத்தாபனத்தின் சொத்தும் அதில் பொதுச் சொத்து. களவுக்குக் குறைந்தது ஒரு வருடம், கூடியது இருபது வருடம் சிறை. அதோடு ஆயிரம் ரூபா அல்லது பொருளின் பெறுமதியின் மூன்று மடங்கு, இதில் எது கூடவோ அது தண்டப்பணம்.

இந்தச் சட்டம் பெரிய ஊழல்களை நினைத்து எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் அதன் சொற்களின்படி பார்த்தால், கிராமத்தவரின் மரத்தடியில் எடுத்த ஒட்டுப்பாலுக்குத் தண்டப்பணத்தோடு முடியக்கூடிய ஒரு வழக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் அரச தோட்டத்தில் எடுத்தால் குறைந்தது ஒரு வருட மறியல். 1992 இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்குப் போனது. மரம் அதே மரம், பால் அதே பால். யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறியது.

*

இப்போது தீர்ப்புகள் எப்படி முடிகின்றன? நீதவான் நீதிமன்றத்துக்கு வரும் சிறிய களவுச் சாமான் வழக்குகளில் நீதவானுக்குப் பல வழிகள் உண்டு. தண்டப்பணம் விதிக்கலாம். சிறைத்தண்டனை விதித்து அதை ஒத்திவைக்கலாம். சமுதாயஞ்சார் சீர்திருத்த வேலைக்கு அனுப்பலாம். அதற்கான சட்டம் 1999 இன் 46 ஆம் இலக்கம். பொருளை இழந்தவருக்கு நட்டஈடு கட்டச் சொல்லலாம். சிறைக்கும் அனுப்பலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு. எதிரியின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலேயே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்கலாம். பொலிஸ் சான்றிதழுக்காக நிற்கும் ஒரு பிள்ளைக்கு இந்தப் பிரிவின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் யாராவது எழும்பி நின்று அதைக் கேட்க வேண்டும். கேட்க ஒருவர் இருந்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் பல வருடங்களாக இரண்டு விசயங்களைக் காட்டுகின்றன. ஒரு வருடத்தில் தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களைவிட விளக்கமறியலுக்குப் போகிறவர்கள் பல மடங்கு. தண்டனை பெற்றுப் போகிறவர்களிலும் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். அதாவது, நீதவான் "காசு கட்டிவிட்டுப் போ" என்று சொன்ன பிறகும் உள்ளே போகிறவர்கள். காதுத்தோடு இருந்த தாயின் மகன் வெளியே வருகிறான். இல்லாத தாயின் மகன் உள்ளே போகிறான்.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் நீதிமன்ற மொழி சிங்களம். தமிழ் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. கூண்டில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை அதைக் கேட்டு வாங்குவானா?

*

பனூ மக்ஸூம் கோத்திரத்துப் பெண்ணின் சம்பவம் நம்மில் எல்லோருக்கும் தெரியும். பெரிய இடத்துப் பெண் என்று பரிந்து பேச வந்தபோது, செல்வாக்குள்ளவர் திருடினால் விட்டுவிட்டு, பலவீனர் திருடினால் தண்டித்ததால்தான் முன்னைய சமூகங்கள் அழிந்தன என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். குத்பாவில் பல தடவை கேட்டிருக்கிறேன். தண்டனையின் கடுமையைப் பற்றியே அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். அதன் பாரம் இருப்பது மற்றப் பக்கத்தில், தராசு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்.

நான் இந்த வரலாற்றில் கண்டதும் அதுதான். கோப்பிக் காலம் முதல் ஃபோன் காலம் வரை, களவுச் சாமான் வழக்கு முடியும் விதம் களவை மட்டும் பொறுத்திருக்கவில்லை. பொருள் எப்படி வந்தது என்று விளங்கப்படுத்தும் வசதி யாருக்கு இருந்தது என்பதைப் பொறுத்தும் இருந்திருக்கிறது. புத்தகம், பில், சட்டத்தரணி, மொழி. இவை உள்ளவருக்கு அந்தக் கேள்வி ஒரு கேள்வி. இல்லாதவருக்கு அதுவே தீர்ப்பு.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

பழைய ஃபோன், மோட்டார் சைக்கிள் பாகம், பழைய இரும்பு, எதை வாங்கினாலும் ஒரு துண்டுக் கடதாசியில் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஃபோன் என்றால் *#06# அடித்து வரும் இலக்கத்தையும் எழுதுங்கள். கையெழுத்துப் போட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பாதி விலைக்கு வருவது ஏன் பாதி விலைக்கு வருகிறது என்று யோசியுங்கள்.

வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களே, தோட்டத்துப் பிள்ளை கொண்டு வரும் சாமானை "கேட்காமல்" வாங்குவது அவனுக்குச் செய்யும் உதவி அல்ல. நாளை பிடிபட்டால் உங்களிடம் புத்தகம் இருக்கும். அவனிடம் ஒன்றும் இருக்காது. வாங்கினால் எழுதி, பில்லைக் கொடுத்து அனுப்புங்கள்.

வழக்கு என்று வந்துவிட்டால் "ஒப்புக்கொண்டு முடித்துவிடுவோம்" என்று அவசரப்படாதீர்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். முதல் தடவை என்றால் 306 ஆம் பிரிவைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது ஊரில்தான் இருக்கிறான். தாயோடு பால் வெட்டப் போகிறான். போன கிழமை சந்தியில் கண்டேன். "சேர், அந்தப் பாடத்த இப்ப எடுத்தீங்கன்னா நல்லா வெளங்கும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பாடத்தை அவன் என் வகுப்பில் இருந்தபோதே நான் எடுத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைப் பகிருங்கள். உங்கள் ஊரில் கோப்பிக் காலம், இறப்பர்க் காலம் பற்றி மூத்தவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள், ஆட்களின் பெயர் வேண்டாம். சட்ட விசயத்தில் பிழை கண்டால் சட்டத்தரணி நண்பர்கள் திருத்துங்கள், நன்றியோடு மாற்றிக்கொள்வேன்.

வஸ்ஸலாம்.